குடமும் கறையான் புற்றும்: இறைவனை அறிய அனுமானமா, அருள்நூலா?

குடத்தைக் கண்டால் அதை வனைந்த குயவன் ஒருவன் உண்டென்று அறிகிறோம். உலகமும் குடத்தைப் போல உறுப்புகள் கூடி உண்டான காரியப் பொருளே. ஆகவே அதற்கும் அறிவுடைய கர்த்தா ஒருவன் உண்டு. அனுமானத்தால் இறைவனை நிறுவ நியாய நூலார் கைக்கொண்ட வாதத்தின் சுருக்கம் இது. நூற்றாண்டுகள் நீண்ட இந்த வழக்கில் அறிவுக்கும் அருளுக்கும் உரிய எல்லைகளை மிகத் தெளிவாக வகுத்தது தமிழ்ச் சைவ சித்தாந்தம் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

7ஆம் நூற்றாண்டில் பௌத்தரான தர்மகீர்த்தி இவ்வாதத்தின் அடித்தளத்தையே அசைத்தார். மண்ணின் வடிவம் என்பதால் குடத்துக்குக் குயவன் வேண்டுமென்றால், கறையான் புற்றையும் குயவன்தான் செய்தான் என்று சொல்ல வேண்டிவரும் என்றார். வேதத்தை முழுமையாக ஏற்ற மீமாம்சகர் குமாரிலரும் படைப்புக் கடவுளை மறுத்தார்.

இவர்களுக்கு விடை சொல்ல எழுந்தவர் மிதிலையைச் சேர்ந்த உதயணர். அவருடைய ‘லட்சணாவளி’ சக ஆண்டு 906இல், அதாவது கி.பி. 984–85இல் எழுதப்பட்டது. ஐந்து பகுதிகளாக அமைந்த ‘நியாய குசுமாஞ்சலி’ முழுவதும் இறைவன் உண்மையை நிறுவுவதற்கே எழுந்தது. அறிவற்ற அணுக்கள் தாமே ஒன்றுகூடா, அவற்றை முதலில் இயக்க அறிவுடைய ஒருவன் வேண்டும் என்பது அதிலுள்ள வாதங்களுள் ஒன்று.

வியப்பு என்னவென்றால், உதயணர் எழுப்பிய இந்த வாதக் கோட்டையை அடுத்துத் தாக்கியவர் பெரும் பக்தரான இராமானுசர். பிரம்ம சூத்திரத்தின் மூன்றாம் சூத்திரத்துக்கு ஸ்ரீபாஷ்யத்தில் உரை கண்டபோது அவர் அனுமானத்தின் வரம்பைக் காட்டினார். நாம் காணும் கர்த்தாக்கள் எல்லாரும் உடல் உடையவர்கள், ஆற்றலில் குறைந்தவர்கள். பெரிய மாளிகையைப் பலர் கூடியே கட்டுகிறார்கள். மலையும் கடலும் ஒரே காலத்தில் ஒருவனால் ஆக்கப்பட்டன என்பதற்கும் சான்றில்லை. எனவே அனுமானத்தை மட்டும் நம்பினால் எல்லாம் வல்ல ஒருவன் கிடைக்கமாட்டான்; அவனை அறியச் சாத்திரமே வழி என்றார்.

13ஆம் நூற்றாண்டில் திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் இரண்டில் எதையும் கைவிடவில்லை. சிவஞான போதத்தின் 12 சூத்திரங்களில் முதல் மூன்றும் பிரமாண இயல். தோன்றி நின்று ஒடுங்கும் உலகத்துக்கு முதல்வன் ஒருவன் உண்டென்று முதல் சூத்திரமே காரண காரிய முறையில் நிறுவுகிறது. ஆனால் அந்த நிறுவல் அவனைக் கண்டறிந்ததாகிவிடாது. சுட்டறிவுக்கு அகப்படும் பொருள் அழியும் பொருள். எவ்வகையாலும் அறியப்படாதது இல்பொருள். இறைவன் இரண்டுமல்லன் என்கிறது ஆறாம் சூத்திரம்.

அப்படியானால் எப்படி அறிவது? விடை எட்டாம் சூத்திரத்தில் இருக்கிறது. வேடரிடையே வளர்ந்து தன்னை மறந்த அரசகுமாரனைத் தந்தை வந்து உணர்த்துவதுபோல, ஐம்புலன்களிடையே அயர்ந்த உயிருக்கு இறைவனே குருவாய் வந்து உணர்த்துகிறான். ஒன்பதாம் சூத்திரம் அவனை ஞானக்கண்ணால் காணச் சொல்கிறது.

மெய்கண்டாரின் மாணவர் அருணந்தி சிவாசாரியார், சிவஞான சித்தியார் சுபக்கத்தில் சூத்திரப் பொருளுக்குள் புகுமுன் அறியும் வழிகளான அளவைகளை ஆராய்ந்து காட்சி, அனுமானம், ஆகமம் என மூன்றையும் ஏற்கிறார். அதே நூலின் ஒன்பதாம் சூத்திரப் பகுதி, தளை வழி வரும் பாச ஞானத்தாலும் உயிரின் அறிவான பசு ஞானத்தாலும் பதியாகிய இறைவனை உணர முடியாது, அவன் அருளும் பதி ஞானத்தாலேயே உணர முடியும் என்கிறது. உதயணர் தேடியது ‘உண்டா?’ என்ற கேள்விக்கு விடை. இராமானுசர் அஞ்சியது அந்த விடையையே முழு அறிவென்று கொள்வதை. இரண்டு கவலைகளுக்கும் ஒரே நூலில் இடமளித்ததே சித்தாந்தத்தின் தனிச் சாதனை.