தண்ணீர் கேட்காத பூ

கோலார் தங்கவயலில் தோட்டம் என்றாலே எல்லோரும் பங்களாத் தோட்டங்களைப் பற்றித்தான் பேசுவார்கள். 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கங்களைக் கையில் எடுத்த பின் வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வீடுகள் எழும்பின. ரோஜாப் பாத்தி, கத்தரித்துவிட்ட வேலி, புல்தரை எல்லாம் கூடவே வந்தன. பேத்தமங்கலத்தில் பாலாற்றுத் தண்ணீரைத் தேக்கி, சுத்தம் செய்து, குழாயில் கொண்டுவந்தார்கள். பங்களாவில் அது புல்லுக்கும் பாய்ந்தது. தொழிலாளர்களின் லைன் வீடுகளுக்கோ தெருக்குழாய்தான். குடங்கள் வரிசை கட்டி நிற்கும். எங்கள் ஆயா அந்த வரிசையில் நின்றவள். அதனால் இந்த ஊர்ப் பூச்செடிகளின் வரலாற்றை நான் தண்ணீர் கேட்காத ஆவாரையிலிருந்துதான் தொடங்குவேன்.

சுரங்கத்துக்கு ஆள் வந்தது பெரும்பாலும் வட ஆற்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து. என் தாத்தா குடியாத்தத்துக்காரர். அந்தச் சீமையில் ஆவாரை வெறும் காட்டுச்செடி இல்லை, பிழைப்பு. கிளையை வெட்டி, தட்டிப் பட்டையை உரித்து, காயவைத்து, எடை போட்டு விற்பார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுத் தோல் ஷாப்புகளில் அந்தப் பட்டை ஊறிய தண்ணீரில்தான் தோல் பதமாகும். ஆவாரம்பட்டையில் பதப்பட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதைத் தடுக்கக் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் போட்டு எடுப்பார்கள். சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் போன தோல் இதுதான். முதல் உலகப் போரில் சிப்பாய்களின் பூட்ஸுக்காக 1916இல் சர்க்காரே இந்த வியாபாரத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. பிறகு தென்னாப்பிரிக்காவின் வாட்டில் பட்டை வந்தது, குரோம் வந்தது. ஆவாரம்பட்டைக்கு மவுசு போயிற்று.

பட்டை வியாபாரம் போனாலும் பூ போகவில்லை. மடலேறும் காதலன் ஆவிரம்பூ சூடியதைச் சங்கப் பாடல்கள் சொல்கின்றன. அவ்வளவு பழைய பூவை லைன் வீட்டுச் சனங்கள் தட்டிச்சுவருக்கு மேலே செருகிக் காப்பாற்றினார்கள் என்பதுதான் எனக்குப் பெருமை. போகியன்று ஆவாரை, பூளைப்பூ, வேப்பிலை மூன்றையும் கொத்தாகக் கட்டி ஆயா வாசலில் காப்புக் கட்டுவாள். மாரிகுப்பத்தைத் தாண்டிய கரட்டிலிருந்து ஒடித்து வருவாள். அப்பா நைட் ஷிஃப்ட் முடிந்து வரும்போது காப்புக் கட்டியிருக்க வேண்டும் என்பது அவளுடைய பிடிவாதம். பூமிக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சுரங்கம் அது. பாறை வெடித்தால் லைன் வீடுகளே அதிரும். வாசலில் காப்பு இல்லாமல் அவளால் நிம்மதியாக இருக்க முடியாது.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் 800 டன் தங்கம் போயிற்று. அரைத்துத் தங்கம் எடுத்த மிச்சம், சுமார் 3.3 கோடி டன், சைனைடு மேடுகளாக இங்கேயே நிற்கிறது. காற்றடித்தால் அந்தத் தூசு திண்ணைவரை வருகிறது. கரடுகளில் மனை போடுகிறார்கள். போகிக்கு எம்.ஜி. மார்க்கெட்டில் ஆவாரங்கொத்தைக் காசு கொடுத்து வாங்கும் காலம் வந்துவிட்டது. ராபர்ட்சன்பேட்டை வீட்டு வாசலிலேயே ஆவாரையை வளர்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

"காட்டுப்பூவுக்கு எதுக்குடி தண்ணி? ஊத்தி ஊத்திக் கெடுத்துடாத" என்று ஆயா சொல்வாள். அதுதான் முதல் பாடம். காய் பழுப்பாகிச் சருகானதும் பறித்து விதை எடுக்க வேண்டும். விதைத்தோல் கெட்டி, மணலில் தேய்த்து, வெந்நீரில் ஒரு ராத்திரி ஊறப்போட்டால்தான் முளைக்கும். ஆடியில் ஊன்றினால் புரட்டாசி, ஐப்பசி மழையில் வேர் பிடித்துக்கொள்ளும். நாள் முழுக்க வெயில் வேண்டும். சரளை கலந்த செம்மண்ணே போதும், எரு வேண்டாம். வேர் இறங்கிய பிறகு குடத்தைத் தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. ஆடுமாடு அதிகம் சீண்டாததால் வேலிக்கும் நல்லது.

காலையில் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். ஐந்து மஞ்சள் இதழ், நடுவில் வளைந்த நீண்ட மகரந்தத்தாள்கள். தேன் கிடையாது, கருவண்டு வந்து பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவைக்கும், மகரந்தம் உதிரும். இலைக்காம்பின் அடியில் காது வடிவத்தில் அகன்ற செதில் இருக்கும். அதை வைத்தே பூக்காத காலத்திலும் செடியை அடையாளம் சொல்லிவிடலாம். பச்சைப் புழுக்கள் இலையைத் தின்றால் மருந்தடிக்காதீர்கள். அவைதான் மஞ்சளும் வெளிர்பச்சையுமான பட்டாம்பூச்சிகளாகப் பறக்கப்போகின்றன. இலை திரும்பத் துளிர்த்துவிடும்.

உலர்த்திய பூவைக் கொதிக்கவைத்துக் குடிக்கிறோம், பயத்தமாவோடு அரைத்துத் தேய்த்துக் குளிக்கிறோம். ஆனால் சைனைடு மேட்டு மண் கலந்த இடத்தில் பூத்ததை நான் வாயில் வைப்பதில்லை. காப்புக்கு மட்டும் சரி. பொங்கல் முடிந்ததும் கிளைகளைக் கவாத்து செய்துவிட்டால் செடி புதராகச் செழிக்கும்.

விதை கேட்டு வருகிறவர்களுக்குக் கொடுக்கிறேன். கரட்டிலிருந்து வளர்ந்த செடியைப் பிடுங்கி வர வேண்டாம் என்றும் சொல்லி அனுப்புகிறேன். ஆணிவேர் அறுந்தால் ஆவாரை பிழைப்பது அரிது.