காணொளி ஒருங்கிணைப்பாளர் (கல்லூரிக் கூடைப்பந்து)

காணொளி ஒருங்கிணைப்பாளர் என்பவர் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து அணிகளில் ஆட்டங்களைப் பதிவுசெய்து, வெட்டித் தொகுத்து, பயிற்சியாளர்களுக்கு அளிக்கும் ஊழியர். பயிற்சிக் குழுவில் இது தொடக்க நிலைப் பதவி. பெரிய வீரராகப் பெயர் பெறாதவர்களும் தலைமைப் பயிற்சியாளராக உயர இப்பதவி வழி திறந்தது.

பணி

எதிரணியின் அண்மைய ஆட்டங்களைத் திரட்டுவது முதல் வேலை. அந்த அணி எந்த உத்தியில் பந்தை நகர்த்துகிறது, எந்த வீரர் எந்தப் பக்கம் திரும்பிப் பந்தை எறிகிறார் என்று ஒவ்வொரு நகர்வையும் பிரித்து வகைப்படுத்த வேண்டும். இரவில் முடிந்த ஆட்டத்தின் தொகுப்பு பெரும்பாலும் மறுநாள் காலைக்குள் தயாராக வேண்டும். தொடக்கத்தில் படச்சுருளிலும், பின்னர் இரண்டு ஒளிநாடாக் கருவிகளை இணைத்தும் செய்யப்பட்ட இவ்வேலை, 2000-களில் கணினிக்கும் இணையச் சேவைகளுக்கும் மாறியது.

உயர்வுப் படிகள்

மாணவ மேலாளர், பட்டமேற்படிப்பு உதவியாளர், காணொளி ஒருங்கிணைப்பாளர், உதவிப் பயிற்சியாளர், தலைமைப் பயிற்சியாளர் என்பது வழக்கமான வரிசை. ஃபிராங்க் வோகல் சிறிய கல்லூரி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்தவர். அங்கிருந்து கென்டக்கி பல்கலைக்கழகத்துக்கு மாறி, பயிற்சியாளர் ரிக் பிட்டினோவிடம் மாணவ மேலாளராகச் சேர்ந்தார். 1997-இல் பிட்டினோ தொழில்முறை அணியான பாஸ்டன் செல்டிக்சுக்குச் சென்றபோது வோகலும் காணொளி ஒருங்கிணைப்பாளராக உடன் சென்றார். 2001-இல் உதவிப் பயிற்சியாளரானார். 2020-இல் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸ் அணி அவர் பயிற்சியில் என்.பி.ஏ. பட்டம் வென்றது. எரிக் ஸ்போல்ஸ்ட்ரா 1995-இல் மயாமி ஹீட் அணியில் இதே பதவியில் சேர்ந்து, 2008-இல் அதன் தலைமைப் பயிற்சியாளரானார். அவர் பயிற்சியில் அந்த அணி 2012, 2013 ஆண்டுகளில் பட்டம் வென்றது.

விதித் தடையும் தளர்வும்

கல்லூரி அளவில் இப்பாதையில் ஒரு தடை இருந்தது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்.சி.ஏ.ஏ.யின் விதிப்படி, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான பயிற்சியாளர்கள் மட்டுமே களத்தில் வீரர்களுக்குப் பயிற்சி தரலாம். காணொளி ஒருங்கிணைப்பாளர் அந்த எண்ணிக்கையில் சேராதவர். எதிரணியை மிக நுணுக்கமாகப் பார்த்தவரே வீரரிடம் அதைக் களத்தில் சொல்லிக்கொடுக்க முடியாத நிலை அது. 2023 ஜூலை முதல் முதற்பிரிவு அணிகள் மேலும் இருவரைப் பயிற்சிப் பணியில் ஈடுபடுத்த அனுமதிக்கப்பட்டன. அவர்கள் வளாகத்துக்கு வெளியே சென்று வீரர்களைத் தேர்ந்தெடுக்க மட்டும் அப்போது அனுமதி இருக்கவில்லை.

தமிழ்நாட்டு நிலை

தமிழகத்தில் காணொளிப் பகுப்பாய்வு கிரிக்கெட் வழியாகத் தொழிலாக வளர்ந்தது. சென்னையைச் சேர்ந்த எஸ். ராமகிருஷ்ணன் 2003 உலகக் கோப்பையில் இந்திய அணியின் பகுப்பாய்வாளராகப் பணியாற்றினார். 2011-இல் கோப்பை வென்ற அணியில் அப்பொறுப்பை வகித்தவர் சி.கே.எம். தனஞ்செய்.

கூடைப்பந்துக்கும் சென்னையில் நீண்ட மரபு உண்டு. எச்.சி. பக் 1920-இல் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி பல தலைமுறை ஆசிரியர்களை உருவாக்கியது. முட்டுக்காட்டுக்கு மேற்கே, வண்டலூர் - கேளம்பாக்கம் சாலையை ஒட்டிய மேலக்கோட்டையூரில் தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம் உள்ளது. ஆனால் கல்லூரிகளில் விளையாட்டுக்கான வழக்கமான பதவி உடற்கல்வி இயக்குநர் பதவியே. அதற்கு உடற்கல்வியில் முதுகலைப் பட்டம் வேண்டும். எல்லா விளையாட்டுகளும் அவர் பொறுப்பில் வருவதால் ஓர் அணியின் ஆட்டங்களை மட்டும் அமர்ந்து பார்ப்பது அவருக்கு எளிதல்ல.

அமெரிக்காவில் காணொளி அறை பயிற்சியாளரை உருவாக்கும் இடமாகவும் இருந்தது. இங்கே பயிற்சியாளராகும் வழி பட்டம், பட்டயம், ஆடிய அனுபவம் ஆகியவற்றின் வழியே செல்கிறது. ஆட்டத்தைக் கூர்ந்து பார்க்கத் தெரிந்தும் அணியில் இடம் பெறாத மாணவருக்கு, கல்லூரிக்குள்ளேயே அத்தகைய முதற்படி இன்னும் வழக்கமாகவில்லை.