காப்புறுதியும் சட்டசபைத் தாழ்வாரமும்

2018ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 3ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் செனற் சபையில் ஒரு மசோதா வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவு 98, எதிர்ப்பு 1. சில தினங்களுக்கு முன்னர் பிரதிநிதிகள் சபையில் 393 வாக்குகள் ஆதரவாகவும் 8 எதிராகவும் விழுந்திருந்தன. அதே வாரத்தில், உயர் நீதிமன்ற நீதியரசர் ஒருவரின் நியமனத்தை 50க்கு 48 என்ற கணக்கில், ஒருவர் முகத்தில் ஒருவர் விழியாது நிறைவேற்றிய செனற் சபை இது. அத்தகைய சபையை ஒன்றுபடுத்திய மசோதா யாது? அபின்சார் மருந்துகளின் கொடுமையிலிருந்து மக்களை மீட்கவென எழுந்த மசோதா அது.

கொடுமை என்றது மிகையன்று. 2017ஆம் ஆண்டில் மட்டும் அந்நாட்டில் அளவுமீறிய மருந்து, போதைப்பொருள் ஆகியவற்றால் இறந்தோர் 70,237 பேர். அவர்களுள் 47,600 பேரின் சாவில் அபின்சார் பொருட்கள் சம்பந்தப்பட்டிருந்தன. வியற்நாம் போரில் மாண்ட அமெரிக்கப் படையினரின் தொகை முழுவதும் ஏறத்தாழ 58,000 என்பதை ஒப்புநோக்கினால், ஓர் ஆண்டில் நிகழ்ந்த அழிவின் பரிமாணம் விளங்கும். இவர்களுட் பலர் வைத்தியர் எழுதிக்கொடுத்த நோவு மாத்திரையிலிருந்தே இவ்வழியில் இறங்கியவர்கள். 1996இல் சந்தைக்கு வந்த ‘ஒக்சிகொன்ரின்’ என்ற மாத்திரையின் அடிமைப்படுத்தும் ஆற்றலைக் குறைத்துக் காட்டி விற்றதாக அதனை உற்பத்திசெய்த பேர்டியூ கம்பனி 2007இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 60 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைச் செலுத்தியது. மருந்துக் கம்பனிகளின் இக்கதை பலராலும் எழுதப்பட்டுவிட்டது. அம்மாத்திரைக்குப் பணம் கொடுத்தவர் யார், அதிலிருந்து மீளும் சிகிச்சைக்குப் பணம் கொடுக்க மறுத்தவர் யார் என்ற வினாக்கள் அத்துணை கேட்கப்படவில்லை. அவற்றையே நாம் இங்கு நோக்க விரும்புகின்றோம்.

98 பேர் கைதூக்கிய அச்சட்டம் பயனற்றதன்று. சிகிச்சை நிலையங்களுக்குப் பணம் ஒதுக்கிற்று; வறியோர்க்கான மெடிக்கெயிட் திட்டத்தின் பழைய தடையொன்றைத் தளர்த்திற்று; தபால் வழியே வரும் நச்சுப் பொருளைத் தடுக்க வழிசெய்தது. ஆனால், தனியார் காப்புறுதிக் கம்பனிகள்மீது கனமான கடமை எதனையும் அது சுமத்தவில்லை. இத்தகைய ஒருமைப்பாடு எங்கிருந்து வந்தது என்பதை அறிய ஒரு நூற்றாண்டு பின்னே செல்லல் வேண்டும்.

சட்டசபை மண்டபத்தை அடுத்த தாழ்வாரத்துக்கு ஆங்கிலத்தில் ‘லொபி’ என்று பெயர். அங்கு காத்துநின்று உறுப்பினரைக் கண்டு காரியத்தை முடித்துக்கொள்வோரின் தொழிலுக்கும் அதுவே பெயராயிற்று. அமெரிக்காவில் இது மறைவான தொழிலன்று. அரசியலமைப்பு மக்களுக்கு அளித்த முறையீட்டு உரிமையின் நிழலில் நிற்பது. முறையிடும் உரிமை சுரங்கத் தொழிலாளிக்கும் உண்டு, காப்புறுதிக் கம்பனிக்கும் உண்டு. தாழ்வாரத்தில் நாள் முழுவதும் நிற்பதற்குச் சம்பளம் கொடுத்து ஆள் வைக்க இருவருள் ஒருவராலேயே முடியும்.

1915இல், அமெரிக்கத் தொழிற்சட்டச் சங்கம் என்ற சீர்திருத்த அமைப்பு ஒரு மாதிரி மசோதாவை வரைந்தது. குறைந்த வருமானமுள்ள தொழிலாளர்க்குக் கட்டாயச் சுகாதாரக் காப்புறுதி வழங்குவதே அதன் நோக்கம். வைத்தியம், நோய்க்காலப் படி, பிரசவ உதவி என்பவற்றோடு ஈமச் செலவுக்கு 50 டொலரும் அதில் இடம்பெற்றது. அந்த 50 டொலரே வினையாயிற்று. அக்காலத்தில் மெற்றோபொலிற்றன், புறுடென்சல் என்னும் பெருங் கம்பனிகள் தொழிலாளர் குடியிருப்புகளில் வீடுவீடாக ஆள் அனுப்பி, வாரம் 5 சதம், 10 சதம் எனத் திரட்டிப் பெருஞ்செல்வம் ஈட்டிவந்தன. ஏழையை அச்சதங்களைக் கொடுக்கச் செய்தது நோயைப் பற்றிய அச்சமன்று. இறந்தால் அநாதைப் பிணமாகப் புதைக்கப்படுவோமோ என்ற அச்சமே. அரசாங்கம் ஈமச் செலவை ஏற்குமாயின் அவ்வச்சமும் வியாபாரமும் ஒருங்கே மறையும் என்பது கம்பனிகளுக்கு நன்கு விளங்கிற்று.

புறுடென்சலின் புள்ளிவிபர அறிஞர் பிரெடரிக் ஹொவ்மன் அச்சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர். 1916இல் அதனின்றும் விலகி, ஊரூராகச் சென்று மசோதாவுக்கு எதிராகப் பேசினார், பிரசுரங்கள் எழுதினார். 1896இல் கறுப்பின மக்களின் உயர்ந்த இறப்பு வீதத்துக்கு இனப்பண்பே காரணம், வாழ்க்கை நிலையன்று என்று நூல் செய்தவரும் இவரே. மக்கள் சாவதற்குக் காரணம் அவர்தம் கூலியும் குடிசையுமல்ல என்று நிறுவுவது ஒரு காப்புறுதிக் கம்பனிக்கு எத்துணை வசதியானது! பின்னர் போர் வந்தது. சுகாதாரக் காப்புறுதி சேர்மனியின் பிஸ்மார்க் தொடக்கிய திட்டம் என்பது பெரும் ஆயுதமாயிற்று. 1918இல் கலிபோர்ணியா மாநிலத்தில் மக்கள் வாக்கெடுப்பு நடந்தபோது கைசரின் உருவம் விளம்பரங்களில் தோன்றியது, திட்டம் படுதோல்வியுற்றது. 1919இல் நியூயோர்க் மாநிலச் செனற் நிறைவேற்றிய மசோதா கீழ்ச்சபையில் மடிந்தது. ஒரு கசப்பான உண்மையையும் நாம் மறைத்தல் ஆகாது. அமெரிக்கத் தொழிற் சம்மேளனத்தின் தலைவர் சாமுவேல் கொம்பேர்சும் இத்திட்டத்தை எதிர்த்தார். அரசாங்கம் தருவதைத் தொழிலாளர் பெற்றால் சங்கத்தின் பிடி தளரும் என அவர் அஞ்சினார்.

அடுத்த வித்து எங்கு விழுந்தது என்பது ஆசிரியர்களாகிய நமக்குச் சிறிது உறுத்தலான செய்தி. 1929இல் தெக்சஸ் மாநிலத்து டலஸ் நகரில் பேய்லர் வைத்தியசாலை அங்குள்ள பாடசாலை ஆசிரியர்களோடு ஓர் உடன்பாடு செய்தது. மாதம் 50 சதம் கட்டினால் வருடத்தில் 21 நாள் வைத்தியசாலைப் பராமரிப்பு. நல்லெண்ணத்தில் தோன்றிய இவ்வேற்பாட்டிலிருந்தே ‘புளூ குரொஸ்’ திட்டங்கள் கிளைத்தன. வைத்தியசாலைகளின் காலிக் கட்டில்களை நிரப்பும் தேவையும் அந்த நல்லெண்ணத்தில் கலந்திருந்தது என்பது வேறு விடயம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கூலி உயர்வு கட்டுப்படுத்தப்பட்டபோது முதலாளிமார் கூலிக்குப் பதிலாகக் காப்புறுதி கொடுத்தனர். அதற்கு வரிவிலக்கும் கிடைத்தது. 1950ஆம் ஆண்டளவில் சனத்தொகையில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் ஏதோவொரு வைத்தியசாலைக் காப்புறுதிக்குள் வந்துவிட்டனர். பலம் வாய்ந்த தொழிற்சங்கங்களின் உறுப்பினர் இவ்வாறு பாதுகாப்புப் பெற்றதும், முதியோர்க்காகவும் வேலையற்றோர்க்காகவும் தெருவில் இறங்கக்கூடிய படையின் பெரும்பகுதி வீடு திரும்பிவிட்டது.

1945 நவம்பரில் ஜனாதிபதி ட்றூமன் தேசியச் சுகாதாரக் காப்புறுதியைக் கோரியபோது முன்னணியில் நின்று எதிர்த்தவர்கள் வைத்தியர்கள். அமெரிக்க வைத்தியச் சங்கம் உறுப்பினர் ஒவ்வொருவரிடமும் 25 டொலர் திரட்டி, விற்றேக்கர், பக்ஸ்ரர் என்ற விளம்பரத் தம்பதியரை அமர்த்தி, 1949இல் மட்டும் சுமார் 15 இலட்சம் டொலரைச் செலவிட்டது. ‘சோஷலிச வைத்தியம்’ என்ற பூச்சாண்டி நாடெங்கும் உலாவிற்று. அதற்கு மாற்றாக அவர்கள் காட்டியது தனியார் காப்புறுதியையே. ஒருவர் போரிட, மற்றொருவர் நிலத்தைப் பெற்றார்.

1965இல் முதியோர்க்கான மெடிக்கெயர் திட்டம் வந்தது உண்மையே. கம்பனிகளுக்கு இலாபம் தராத முதியோரை அரசாங்கம் ஏற்றுக்கொண்டது. கணக்கைத் தீர்க்கும் இடைத்தரகு வேலை புளூ குரொஸ் முதலிய அமைப்புகளுக்கே சென்றது.

1993இல் கிளின்ரன் அரசாங்கத்தின் திட்டம் வெளிவந்தபோது தொலைக்காட்சியில் ஒரு தம்பதியர் தோன்றினர். ஹரி, லூயிஸ் என்று பெயர். சமையலறை மேசையருகே இருந்து, அரசாங்கத் திட்டத்தைப் பற்றிக் கவலையோடு பேசிக்கொள்வார்கள். பேசியவர்கள் நடிகர்கள், பேசவைத்தது அமெரிக்கச் சுகாதாரக் காப்புறுதிச் சங்கம். அச்சங்கத்தின் தலைவராயிருந்த பில் கிராடிசன் அவ்வாண்டுத் தொடக்கத்தில்தான் காங்கிரஸ் உறுப்பினர் பதவியை விட்டு இவ்வேலைக்கு வந்தவர். 1994 செப்ரெம்பரில் திட்டம் கைவிடப்பட்டது.

இதன்பின் கம்பனிகள் வழியை மாற்றின. வெளியே நின்று கதவைத் தடுப்பதினும் உள்ளே புகுந்து சட்டத்தின் வாசகத்தை அமைப்பது சிக்கனமானது என அவை கண்டன. 2009 மார்ச்சில் காப்புறுதிக் கம்பனிகளின் ஒன்றியத் தலைவி கரென் இக்னாக்னி வெள்ளை மாளிகைக் கூட்டத்தில் ஒபாமாவுக்கு ஒத்துழைப்பை வாக்களித்தார். அதே ஆண்டில் அவ்வொன்றியம் வர்த்தக சம்மேளனத்துக்கு 8 கோடியே 62 இலட்சம் டொலரை ஓசையின்றிக் கொடுத்தது என்ற செய்தி 2010 நவம்பரில் வெளிவந்தது. அச்சம்மேளனமோ அத்திட்டத்துக்கு எதிராக விளம்பரம் செய்துகொண்டிருந்தது. ஒரு கை குலுக்க, மறு கை குத்தியது. தனியாரோடு போட்டியிடக்கூடிய அரசாங்கக் காப்புறுதித் திட்டம் ஒன்று பிரதிநிதிகள் சபையின் மசோதாவில் இருந்தது. காப்புறுதித் தொழிலின் தாயகமாகிய கனெக்ரிகற் மாநிலத்துச் செனற்றர் ஜோ லீபர்மன் முதலியோரின் எதிர்ப்பினால் அது கைவிடப்பட்டது. நோயாளியை விலக்கக் கூடாது என்ற விதியைக் கம்பனிகள் ஏற்றன. அனைவரும் காப்புறுதி வாங்கியே தீரவேண்டும் என்பதே அதற்கு அவர்கள் கேட்ட விலை. ஆயினும் 2010ஆம் ஆண்டின் இச்சட்டம் கோடிக்கணக்கானோர்க்கு வாயிலைத் திறந்தது. போதை அடிமைத்தனத்துக்கான சிகிச்சையை இன்றியமையாத சேவைகளுள் ஒன்றாக்கியது. இதனைக் குறைத்துக் கூறுவது நேர்மையன்று.

இனி, உடல் நோய்க்கும் மனநோய்க்கும் காப்புறுதி சமமாக இருத்தல் வேண்டும் என்ற கோரிக்கையின் கதைக்கு வருவோம். இதற்காக உழைத்தோருள் இடதுசாரிச் சார்புடைய போல் வெல்ஸ்ரனும் பழமைவாதியாகிய பீற் டொமெனிச்சியும் இணைந்து நின்றனர். இருவர் குடும்பத்திலும் மனநோயால் வருந்தியோர் இருந்தனர். 1996இல் கிடைத்த சட்டம் மிகச் சிறியது. மனநோய்ச் சிகிச்சைக்கான பண உச்சவரம்பைச் சமப்படுத்திற்று; போதை அடிமைத்தனத்தைச் சேர்க்கவேயில்லை. கம்பனிகள் பண வரம்பை நீக்கிவிட்டு, இத்தனை நாள், இத்தனை தடவை என்று நாள் வரம்பை இட்டன. விரிந்த சட்டம் வர 12 ஆண்டுகள் சென்றன. 2008 ஒக்ரோபர் 3ஆம் திகதி, வங்கிகளை மீட்கும் 70,000 கோடி டொலர் மசோதாவின் ஓர் இணைப்பாகவே அது நிறைவேறியது. வெல்ஸ்ரன் அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்னரே விமான விபத்தில் இறந்துவிட்டார். நெடுங்காலம் எதிர்த்த கம்பனிகள் இறுதியில் இதனை ஆதரித்தன. காரணம் உண்டு. உளநோய் மருத்துவர் கைநூலிற் கண்ட நோய்கள் அனைத்துக்கும் காப்பளிக்க வேண்டும் என்ற பிரதிநிதிகள் சபை வாசகம் நீக்கப்பட்டது; எச்சிகிச்சை ‘மருத்துவத் தேவை’ என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் பெரும்பாலும் கம்பனியிடமே நின்றது. உரிமை சட்டத்தில் எழுதப்பட்டது. திறவுகோல் கம்பனியின் மேசையில் இருந்தது.

அத்திறவுகோல் எவ்வாறு பயன்பட்டது என்பதற்கு அபின்சார் மருந்துகளே சான்று. மேற்கு வேர்ஜீனியாவின் சுரங்கத்தில் முதுகு முறிந்த ஒருவனை எண்ணிப் பாருங்கள். மாதத்துக்குச் சில டொலர் பெறுமதியான அபின்சார் மாத்திரைக்குக் கம்பனி தடையின்றிப் பணம் கொடுக்கும். வாரந்தோறும் செய்யவேண்டிய உடற்பயிற்சி வைத்தியத்துக்கோ, அடிமைப்படுத்தும் ஆபத்துக் குறைந்த விலையுயர்ந்த ஒட்டு மருந்துக்கோ முன்னனுமதி கேட்கும். மாத்திரைக்கு அவன் அடிமையானபின், அதிலிருந்து மீட்கும் பியூப்பிறெனோர்பின் மருந்துக்கும் முன்னனுமதி வேண்டும். அடிமைப்பட்டவன் ‘விடுகிறேன்’ என்று மனமிசையும் நேரம் மிகக் குறுகியது. விண்ணப்பத்துக்குப் பதில் வருவதற்குள் அந்நேரம் கடந்துவிடும். 2017 செப்ரெம்பரில் 37 மாநிலங்களினதும் ஆட்புலங்களினதும் சட்டமா அதிபர்கள் கம்பனிகளின் ஒன்றியத்துக்குக் கடிதம் எழுதி, அபின் கலவாத நோவுச் சிகிச்சைக்கு முதன்மை கொடுக்குமாறு கேட்டனர். நியூயோர்க் சட்டமா அதிபரின் விசாரணைக்குப்பின் சிக்னா, அந்தெம் ஆகிய கம்பனிகள் பியூப்பிறெனோர்பினுக்கான முன்னனுமதியைக் கைவிட இணங்கின. தாழ்வாரத்தில் நடவாதது விசாரணை அறையில் நடந்தது.

2018 மசோதாவுக்கு மீள்வோம். அது இறுதி வடிவம் பெறும் வேளையில் ஒரு விநோதமான சண்டை நிகழ்ந்தது. மெடிக்கெயர் மருந்துத் திட்டத்தில் முதியோரின் செலவில் ஒரு பகுதியை மருந்து உற்பத்தியாளர் ஏற்கவேண்டும், மற்றொரு பகுதியைக் காப்புறுதிக் கம்பனிகள் ஏற்கவேண்டும். அவ்வாண்டு பெப்ரவரியில் காங்கிரஸ் உற்பத்தியாளரின் பங்கைக் கூட்டிக் காப்புறுதியாளரின் பங்கைக் குறைத்திருந்தது. அதனை ஓரளவேனும் மாற்றும் வாசகத்தை அபின் மசோதாவினுள் செருக மருந்துக் கம்பனிகள் முயன்றன. காப்புறுதிக் கம்பனிகள் முதியோர் சங்கத்தோடு சேர்ந்து தடுத்தன. முயற்சி தோற்றது. அபினுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. மசோதா நிறைவேறுவது உறுதி என்பதே தொடர்பு. செல்லும் வண்டியில் எவரும் தம் மூட்டையை ஏற்ற முயல்வர். அன்று தாழ்வாரம் பரபரப்பாகவே இருந்திருக்கும். ஆனால், அங்கு நின்றோர் வாதாடியது செத்தவர்களைப் பற்றியன்று, தம்முள் யார் எவ்வளவு கட்டுவது என்பதைப் பற்றியே.

2021இல் அளவுமீறிய மருந்து, போதைப்பொருள் ஆகியவற்றால் இறந்தோர் தொகை ஓர் இலட்சத்தைத் தாண்டியது. 2024 செப்ரெம்பரில், 2008ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு உயிர்கொடுக்கும் புதிய விதிகள் வெளியிடப்பட்டன. கம்பனிகள் தம் முன்னனுமதி முறைகளால் நோயாளிக்கு உண்மையில் நேர்வது என்ன என்பதற்குத் தரவுகளைத் திரட்டி ஆராய வேண்டும் என்பது அவற்றின் சாரம். 2025 ஜனவரியில் பெரும் தொழில்தருநர்களின் சங்கமொன்று அவ்விதிகளுக்கு எதிராக வழக்குத் தொடுத்தது. அவ்வாண்டு மே மாதத்தில் அரசாங்கம் புதிய விதிகளை நடைமுறைப்படுத்தப் போவதில்லை என அறிவித்தது. இம்முறை தொலைக்காட்சித் தம்பதியர் தேவைப்படவில்லை, வாக்கெடுப்பும் நடைபெறவில்லை.