சாமிகளோடு நிற்கும் துரை: கோப்பெங்கிலிருந்து ஓர் இறையாண்மைப் பாடம்

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில் இருக்கும் கெல்லி காசலைத் தெரியாதவர்கள் இந்த வட்டாரத்தில் இருக்க முடியாது. பள்ளிச் சுற்றுலா, கல்யாணப் படம், பேய்க் கதை என எல்லாவற்றுக்கும் அந்த இடம்தான். ஆனால், அங்கிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டரில் உள்ள மாரியம்மன் கோயிலுக்குப் போனவர்கள் எத்தனை பேர்?

போனால், கொஞ்சம் நிமிர்ந்து பாருங்க. சாமி உருவங்களின் வரிசையில் வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரை நிற்கிறார்.

யார் அவர்? சாமிகளுக்கு நடுவில் அவருக்கு என்ன வேலை? ஆப்பிரிக்கச் சிந்தனையாளர்கள் பேசிய 'இறையாண்மை'க்கும் இந்தச் சிலைக்கும் என்ன சம்பந்தம்?

யார் இந்தத் துரை?

வில்லியம் கெல்லி ஸ்மித், ஸ்காட்லாந்துக்காரர். மலாயா வந்து, இந்தப் பகுதியில் கிந்தா கெல்லாஸ் என்ற ரப்பர் தோட்டத்தை உருவாக்கியவர். 1915இல் பெரிய மாளிகை ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். அதில் உழைத்தவர்களில் பலர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள்.

1918இல் ஸ்பானியக் காய்ச்சல் உலகம் முழுக்கப் பரவியது. இங்கேயும் தொழிலாளர்கள் மடிந்தார்கள். அம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்க, துரை சம்மதித்தார். நன்றிக்காக அவருக்கும் அங்கே ஒரு சிலை வைத்தார்கள் என்பது இன்றுவரை சொல்லப்படும் கதை.

ஸ்மித் 1926இல் லிஸ்பனில் இறந்தார். மாளிகை முடியாமலேயே நின்றுவிட்டது.

இது அடிமைப் புத்தியா?

இன்று பார்க்கும் நமக்கு முதலில் தோன்றுவது அதுதான். "முதலாளியைப் போய் சாமியாக்கிட்டாங்களே!" என்று கோபம்கூட வரலாம். அந்தக் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. ஆனால், இதை வேறு மாதிரியும் படிக்கலாம். அதற்கு நைஜீரியா வரை போய் வர வேண்டும்.

தென்கிழக்கு நைஜீரியாவின் ஓவெரி வட்டாரத்தில், இக்போ மக்கள் ஆலா என்ற பூமித் தாய்க்கு 'ம்பாரி' என்ற மண் மண்டபம் கட்டினார்கள். பஞ்சம், நோய் போன்ற பெரிய சோதனை வரும்போது கட்டுவது வழக்கம். ஊரிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மாதக்கணக்கில் ஒதுங்கியிருந்து களிமண் உருவங்களைச் செய்வார்கள். நடுவில் ஆலா. சுற்றிலும் மற்ற தெய்வங்கள், மனிதர்கள், விலங்குகள். காலனி ஆட்சி வந்த பிறகு, அந்தக் கூட்டத்தில் வெள்ளைக்கார அதிகாரியின் உருவமும் சேர்ந்துகொண்டது.

இதைப் பற்றி எழுதியவர்களில் முக்கியமானவர் நாவலாசிரியர் சினுவா அச்செபே. ஊருக்குள் நுழைந்த எந்தப் புதிய சக்தியையும், அது பயமுறுத்தும் சக்தியாக இருந்தாலும், ம்பாரியில் இடம் கொடுத்து மக்கள் அடையாளம் கண்டார்கள் என்பது அவர் பார்வை. அது கும்பிடுவது ஆகாது. "நீ யார் என்று நாங்கள் பார்த்துவிட்டோம், எங்கள் உலகத்தில் உன் இடம் இது" என்று சொல்வது போன்றது.

கோப்பெங் சாலைக் கோயிலுக்கும் இந்தப் பார்வை பொருந்தும். தோட்டத்தில் துரை வைத்ததுதான் சட்டம். கோயிலில் அம்மன்தான் தலைவி. துரை வரிசையில் ஓர் உருவம் மட்டுமே. நன்றி இருந்தது உண்மையாகவே இருக்கலாம். ஆனால், அந்த நன்றியை எங்கே, எந்த உருவத்தில் வைப்பது என்பது கட்டியவர்களின் கற்பனை.

கூட்டுக் கற்பனை என்றால் என்ன?

இறையாண்மை என்றால் பாடப்புத்தகத்தில் எல்லை, கொடி, அரசாங்கம். ஆப்பிரிக்கச் சிந்தனையில் அதற்கு முன்னால் இன்னொரு கேள்வி வருகிறது: நம் உலகத்தைப் படம் போட்டுக் காட்டும் உரிமை யாரிடம்? ஒரு சமூகம் சேர்ந்து 'நாம் யார், நமக்கு மேலே யார், நாளைக்கு என்ன' என்று உருவாக்கிக்கொள்ளும் படம்தான் கூட்டுக் கற்பனை.

கென்யாவின் கூகி வா தியாங்கோ இதை மொழியிலிருந்து பார்த்தார். ஆங்கிலத்தில் புகழ்பெற்ற அவர், 1977இல் கமிரித்து கிராமத்துத் தொழிலாளர்களோடும் விவசாயிகளோடும் சேர்ந்து கிகுயு மொழியில் நாடகம் போட்டார். அரசு நாடகத்தைத் தடுத்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவரைக் காவலில் வைத்தது. ஆங்கிலத்தில் எழுதியபோது வராத சிறை, ஊர்மொழியில் பேசியதும் வந்தது!

கற்பனை மட்டும் போதுமா?

போதாது. கானா 1957 மார்ச் 6ஆம் தேதியும், மலாயா அதே ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதியும் சுதந்திரம் பெற்றன. முதலில் அரசியல் அதிகாரம், மற்றவை பின்னால் வரும் என்று நம்பியவர் கானாவின் குவாமே நுக்ருமா. 1965இல் அவரே, கொடி மாறினாலும் பொருளாதாரம் வெளியார் கையில் இருந்தால் அது புதுக் காலனித்துவம் என்று புத்தகம் எழுதினார்.

இங்கேயும் அதே கதைதான். சுதந்திரக் காலத்தில் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றார்கள். வாங்கியவர்கள் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடலில் வேலை போனது, லயத்து வீடும் போனது. நாடு சொந்தமாகிவிட்டது, படுத்து எழும் இடம் சொந்தமில்லை.

அப்போது சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ.தி. சம்பந்தன் வேறொரு படத்தைக் காட்டினார்: பால்மரம் வெட்டுபவரே தோட்டத்துக்குப் பங்காளி. 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பங்கு சேர்த்தார்கள். 1961இல் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் சங்கத்தின் முதல் சொத்தானது.

1967இல் தான்சானியாவின் ஜூலியஸ் நைரேரே 'உஜமா' என்ற கூட்டு வாழ்க்கையை நாட்டின் கொள்கையாக்கினார். சுவாஹிலியில் அதற்குக் குடும்ப உறவு என்று பொருள். ஆனால், 1970களில் லட்சக்கணக்கானவர்களை அரசு கட்டாயப்படுத்திப் புதுக் கிராமங்களில் குடியேற்றியது, விவசாயம் அடிவாங்கியது. மக்கள் தாங்களே சேர்ந்து காணாத கனவை மேலிருந்து இறக்கினால் அது உத்தரவாகிவிடும்.

இன்றைக்கு இது எதற்கு?

பல தோட்டங்கள் இன்று இல்லை. லயங்கள் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன. மிச்சமிருப்பது ஒரு கோயில், ஒரு தமிழ்ப்பள்ளி, பாட்டி சொல்லும் கதைகள். மாளிகைக்கு இருப்பது துரையின் பெயர். கட்டியவர்களின் பெயர்களைத் தேடினால் கிடைப்பது கடினம்.

அடுத்த முறை கெல்லி காசலுக்குப் போனால், படம் எடுத்த கையோடு அந்தக் கோயிலுக்கும் போய் வாங்க. வீட்டில் தோட்டத்தில் பிறந்த தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அந்தத் துரை அங்கே ஏன் நிற்கிறார் என்று கேளுங்க. பதிலை எழுதியும் வைங்க. அந்தப் படத்துக்கு அடுத்த கோட்டைப் போட வேண்டியது நாம்தான்.