கடலுக்குக் கீழே ஒரு தேசம்

ஒரு நாட்டின் சரித்திரம் என்றால் ராஜாக்களையும் யுத்தங்களையும் சொல்வதுதான் வழக்கம். நெதர்லாந்தின் சரித்திரத்தை மட்டும் மண்ணிலிருந்து ஆரம்பிக்காவிட்டால் ஒன்றுமே விளங்காது. ஹாலந்து என்று நாம் சொல்லிப் பழகிவிட்ட அந்த நாட்டின் பெயருக்கே ‘தாழ்ந்த நிலங்கள்’ என்றுதான் பொருள். நாட்டில் சுமார் கால் பங்கு கடல் மட்டத்துக்குக் கீழே! ஆம்ஸ்டர்டாமின் ஸ்கிபோல் விமான நிலையம் இருப்பது, 1852-ல் நீராவி எஞ்சின்களால் இறைத்து முடித்த ஒரு ஏரியின் அடித்தரையில்.

இவ்வளவு பள்ளத்தில் போய் ஏன் குடியேறினார்கள் என்று கேட்கத் தோன்றும். விஷயமே அங்குதான் இருக்கிறது. அவர்கள் குடியேறியபோது அது பள்ளமே இல்லை. சுமார் 1000 ஆண்டுகளுக்கு முன்பு அது கடல் மட்டத்துக்குச் சற்று மேலே இருந்த சதுப்பு நிலம். செடிகொடி மக்கிய பீட் மண். பயிர் வைக்க வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். சாயில் மெக்கானிக்ஸ் படித்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. நீர் வடிந்தால் பீட் சுருங்கும். காற்றுப் பட்டால் மக்கிக் கரையும். நிலம் இறங்கியது. இன்னும் ஆழமாக வெட்டினார்கள், இன்னும் இறங்கியது. கடைசியில் கரை கட்டாமல், தண்ணீர் இறைக்காமல் வாழவே முடியாது என்றாகிவிட்டது. காலண்டரில் பார்த்து ரசிக்கிறோமே காற்றாலைகள், அவற்றில் பல அந்தக் காலத்து பம்ப் செட்டுகள்தான்!

கரையை ஒருத்தர் மட்டும் காத்துப் பிரயோஜனமில்லை. பக்கத்துக்காரர் பங்கில் ஓட்டை விழுந்தால் எல்லார் வீட்டிலும் வெள்ளம். ஆகவே 13-ம் நூற்றாண்டிலேயே நீர் வாரியங்கள் உருவாகிவிட்டன. வரி போடவும், கரையைச் சோதிக்கவும், கடமை தவறியவருக்கு அபராதம் விதிக்கவும் அவற்றுக்கு அதிகாரம் உண்டு. இன்றும் 21 வாரியங்கள் இருக்கின்றன; தேர்தலும் நடக்கிறது. கரை சூழ்ந்து நீர் வடித்த நிலத்துக்குப் ‘போல்டர்’ என்று பெயர். முதலாளி, தொழிலாளி, அரசு மூவரும் உட்கார்ந்து பேசி உடன்பாடு காணும் முறையையும் அங்கே ‘போல்டர் மாடல்’ என்றே சொல்கிறார்கள்.

இறங்கிப் போன ஈர மண்ணில் கோதுமை சரியாக விளையவில்லை. மாடு வளர்த்தார்கள், மீன் பிடித்தார்கள், தானியம் வாங்க பால்டிக் கடல்வரை கப்பல் விட்டார்கள். அந்தக் கப்பல் பழக்கம் வளர்ந்துதான் 1602-ல் கிழக்கிந்தியக் கம்பெனி ஆனது. அதே கம்பெனி 1613-ல் நம்ம பழவேற்காட்டில் கோட்டை கட்டியது. 1658-ல் நாகப்பட்டினத்தைப் பிடித்தது. துணி வியாபாரத்தோடு நம் கரையோர மக்களை அடிமைகளாகக் கப்பலேற்றிய பாவமும் அதன் கணக்கில் உண்டு.

ஓவியத்திலும் இந்த மண்ணே பேசுகிறது. 17-ம் நூற்றாண்டில் ராய்ஸ்டால் வரைந்த ஹார்லெம் நகரக் காட்சிகளைப் பாருங்கள். கீழே மெல்லிய பட்டையாக நிலம். மேலே முக்கால்வாசியும் மேகம். மலையே இல்லாத ஊரில் வானம்தானே மலை! ‘லாண்ட்ஸ்கேப்’ என்ற ஆங்கிலச் சொல்லே டச்சு மொழியிலிருந்து போனதுதான். லெவலிங் ஸ்டாஃபைத் தூக்கிக்கொண்டு மைதானமெல்லாம் அலைந்த நம்மவர்களுக்கு இன்னொரு செய்தி: ஐரோப்பாவில் பல நாடுகள் உயரத்தை அளப்பது ஆம்ஸ்டர்டாமில் 17-ம் நூற்றாண்டில் குறித்த நீர்மட்டத்தை ஒட்டித்தான்.

ஆனால் தண்ணீர் கணக்கை மறப்பதில்லை. கரைகள் போதாது என்று யோஹன் வான் வேன் என்ற அரசுப் பொறியாளர் 1930-களிலிருந்தே எச்சரித்து வந்தார். போரும் பணமுடையும் குறுக்கே நின்றன. 1953 பிப்ரவரி 1 அதிகாலை, புயலோடு பொங்கிய கடல் கரைகளை உடைத்தது. 1,836 பேர் மாண்டார்கள். அதன் பிறகே டெல்டா திட்டம் வேகம் பிடித்தது. அதிலும் ஒரு பாடம். ஓஸ்டர்ஸ்கெல்டே முகத்துவாரத்தை அடியோடு அடைத்துவிடத்தான் முதலில் திட்டம். மீனவர்களும் இயற்கை ஆர்வலர்களும் எதிர்த்தார்கள். பொறியாளர்கள் வரைபடத்தை மாற்றினார்கள். 1986-ல் திறந்த அந்தத் தடுப்பில் 62 கதவுகள்; சாதாரண நாட்களில் திறந்தே இருக்கும், புயல் வந்தால் மட்டும் மூடும்.

1995-ல் ஆறுகள் பெருகி சுமார் 2,50,000 பேரை வெளியேற்ற வேண்டி வந்தது. கரையை உயர்த்திக்கொண்டே போவது மட்டும் போதாது என்று அதற்குப் பிறகு சில இடங்களில் கரையைப் பின்னால் தள்ளி, ஆற்றுக்கே நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். நூற்றாண்டுகளாகத் தண்ணீரிடமிருந்து நிலத்தைப் பறித்த ஜனங்கள் அவர்கள்! கடல் மட்டம் உயர்ந்துவரும் இந்தக் காலத்தில் அவர்கள் இன்னும் எவ்வளவு விட்டுக்கொடுக்க வேண்டுமோ?

மாணவத் தம்பி, தங்கைகளே! முதல் வாய்க்காலை வெட்டிய அந்த விவசாயி ஒரு போக விளைச்சலைத்தான் நினைத்திருப்பார். அவர் சந்ததி 1000 வருஷமாக இறைத்துக்கொண்டிருக்கிறது. மண் கேள்வித்தாளைத்தான் கொடுக்கிறது; விடை எழுதுவது நாம். நாளைக்கு நீங்கள் கையெழுத்துப் போடப்போகும் ஒவ்வொரு வரைபடத்திலும் இதை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.