வோலன்டாம்: போக்கிடம் இல்லாதவர்களை ஏற்றிய கப்பல்

1922-இல் கிளாஸ்கோவில் நீரில் இறக்கப்பட்டது வோலன்டாம். மொத்தக் கொள்ளளவு 15,000 டன்னுக்குச் சற்று மேல், இரண்டு புகைபோக்கிகள். ஹாலந்து அமெரிக்கா லைன் என்ற டச்சு நிறுவனம் அதை ராட்டர்டாமுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஓட்டியது. ஆனால் அமெரிக்கா 1921-இலும் 1924-இலும் சட்டம் போட்டுக் குடியேற வருவோரின் எண்ணிக்கையைக் குறைத்துவிட்டது. பிழைப்புத் தேடிப் போகிறவர்களை நம்ப முடியாமல், உல்லாசப் பயணிகளையும் ஏற்றிக்கொண்டு காலத்தை ஓட்டியது கப்பல்.

1940 மே மாதம் ஜெர்மனி நெதர்லாந்தைப் பிடித்தபோது அதற்குத் தாய்த்துறைமுகமே இல்லாமல் போயிற்று. பிரிட்டிஷ் பணிக்கு வந்தது. குண்டுவீச்சிலிருந்து காப்பாற்றுவதற்காகக் கனடாவுக்கு அனுப்பப்பட்ட பிரிட்டிஷ் பிள்ளைகள் சுமார் 320 பேரை ஏற்றிக்கொண்டு போகையில், ஆகஸ்ட் 30-ஆம் தேதி இரவு ஜெர்மன் நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. பிள்ளைகள் எல்லோரும் உயிர்க்காப்புப் படகுகளில் இறக்கப்பட்டுப் பிழைத்தார்கள். ஊழியர்களில் ஒருவர் மட்டும் இறந்தார். கப்பலும் மூழ்கவில்லை, இழுத்துவந்து செப்பனிட்டு, போர் முடியும்வரை படைவீரர்களை ஏற்ற வைத்தார்கள். கப்பல் வரலாறு எழுதுகிறவர்கள் இந்தத் தாக்குதலையும் மீட்பையும் விரிவாகச் சொல்வார்கள். அதன் வாழ்வில் ஆகப் பெரிய காரியம் அதற்குப் பிறகுதான் நடந்தது என்பேன்.

அதில் ஏறவிருந்தவர்கள் மென்னனைட்டுகள்: 16-ஆம் நூற்றாண்டில், வாளெடுக்க மாட்டோம் என்ற உறுதியோடு தோன்றிய கிறிஸ்தவப் பிரிவினர். பிரீஸ்லாந்துக்காரரான மென்னோ சிமன்ஸின் பெயரால் அறியப்பட்டவர்கள். நெதர்லாந்தில் கொடுமை தாங்காமல் விஸ்துலா ஆற்று முகத்துவாரத்துக்குப் போனார்கள். அங்கிருந்து, பேரரசி கேத்தரின் அழைப்பை ஏற்று, 1789 முதல் இன்றைய உக்ரைனில் குடியேறினார்கள். ஸ்டாலின் காலத்தில் நிலம் போயிற்று, தேவாலயம் போயிற்று. 1937-லும் 1938-லும் வீடு வீடாக ஆண்களைப் பிடித்துப் போனார்கள். பெரும்பாலானோர் திரும்பவில்லை, என்ன ஆனார்கள் என்ற சேதியும் வரவில்லை. 1941-இல் ஜெர்மன் படை நெருங்கியபோது எஞ்சிய ஆண்களிலும் பலரைக் கிழக்கே கொண்டுபோனார்கள்.

1943-இல் ஜெர்மன் படை பின்வாங்கியபோது சுமார் 35,000 மென்னனைட்டுகள் அதனுடன் மேற்கே கிளம்பினார்கள். ரயிலில் ஒரு பகுதியினர், குதிரை வண்டியில் மற்றவர்கள். வண்டிகளில் பலவற்றை ஓட்டியவர்கள் பெண்கள். சேற்றில் இறங்கிய சக்கரத்தைத் தூக்கியதும், சாகக் கிடந்த மாமியாரைக் கவனித்ததும், பிள்ளைக்குப் பாலூட்டியதும் ஒரே ஆள்தான். போரின் முடிவில் இவர்களில் ஏறத்தாழ 23,000 பேர் சோவியத் படையிடம் சிக்கி, வடக்கிலும் மத்திய ஆசியாவிலும் கட்டாய உழைப்புக்கு அனுப்பப்பட்டார்கள்.

இந்தக் கதையைச் சொல்லும்போது ஒன்றை மறைக்கக் கூடாது. ஜெர்மன் ஆக்கிரமிப்பின் கீழ் இவர்கள் 'ஜெர்மன் இனத்தார்' என்று சலுகை பெற்றவர்கள். இவர்களின் ஊர்களை அடுத்த சப்போரிஷியாவில் யூதர்கள் கொன்று புதைக்கப்பட்டார்கள். மேற்கே வந்த பலருக்குக் கொடுக்கப்பட்டவை போலந்துக்காரர்களை விரட்டிப் பறித்த வீடுகள். சில இளைஞர்கள் ஜெர்மன் படையில் சேர்ந்தார்கள். இவற்றைச் சமூகத்துக்குள்ளேயே வெளிப்படையாகப் பேசப் பல பத்தாண்டுகள் ஆயின. பெண்களின் துயரம் இதனால் பொய்யாகிவிடாது. ஆனால் இதைச் சேர்க்காமல் சொன்னால் முழுமையாகவும் இராது.

தப்பியவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பெர்லினின் அமெரிக்கப் பகுதியில் ஒளிந்தும் ஒண்டியும் கிடந்தார்கள். சுற்றிலும் சோவியத் பகுதி. அவர்களைக் கவனித்துக்கொண்டவர்கள் மென்னனைட் நடுவண் குழு என்ற நிவாரண அமைப்பின் பீட்டர் டிக், அவர் மனைவி எல்ஃப்ரீடா. எல்ஃப்ரீடா பயிற்சி பெற்ற செவிலி. குழந்தையாக ரஷ்யாவிலிருந்து கனடாவுக்கு வந்தவர். பல நூற்றாண்டுகளுக்கு முன் மூதாதையர் விட்டுவந்த நெதர்லாந்தே இப்போது கைகொடுத்தது: இவர்கள் சோவியத் குடிகளோ ஜெர்மானியரோ அல்ல, டச்சு வழியினர் என்று குழு வாதாடியது. ஏற்கப் பராகுவே மட்டும் தயாராக இருந்தது. 1921-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே மென்னனைட்டுகளுக்குப் படைச்சேவையிலிருந்து விலக்கு அளித்த நாடு அது. முதியவர், நோயாளி என்று யாரையும் கழிக்கவுமில்லை.

1947 ஜனவரி இறுதியில் இவர்களை ஏற்றிச் செல்ல வோலன்டாம் பிரெமர்ஹாஃபன் துறைமுகத்தில் காத்திருந்தது. நெதர்லாந்திலும் மியூனிக்கிலும் இருந்தவர்கள் வந்துசேர்ந்துவிட்டார்கள். பெர்லின்காரர்களுக்கு அனுமதி வரவில்லை. அவர்களை விட்டுவிட்டே புறப்படலாம் என்ற நிலை. கடைசி நேரத்தில் சோவியத் தரப்பு இசைய, அத்தனை பேரும் இரவோடு இரவாகச் சரக்கு ரயிலில் ஏறி, சோவியத் பகுதியைக் கடந்து துறைமுகம் வந்தார்கள். பிப்ரவரி 1-ஆம் தேதி, சுமார் 2,300 பேருடன் கப்பல் கிளம்பியது.

அவர்களில் பெண்களும் பிள்ளைகளுமே பெரும்பாலோர். அந்தப் பெண்களில் பலர் கைம்பெண்ணும் அல்ல, சுமங்கலியும் அல்ல. கணவனின் மரணத்துக்கு உறுதி இல்லாத ஒருத்தி மறுமணம் செய்யலாமா என்ற கேள்வி சபைகளில் ஆண்டுக்கணக்கில் நீடித்தது, முடிவெடுத்தவர்கள் ஆண்கள். தனியே குடும்பத்தைக் கண்டம் கடத்தி வந்தவளிடம் இனி யாரோடு வாழலாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு எங்கிருந்து வந்தது? எனக்கு விளங்கியதே இல்லை.

பியூனஸ் அயர்ஸில் இறங்கிய சில வாரங்களில் பராகுவேயில் உள்நாட்டுப் போர் வெடித்தது. பலர் மாதக்கணக்கில் கூடாரங்களில் முடங்கினார்கள். பிறகு ஆற்று வழியே போய் இரு குடியிருப்புகளை அமைத்தார்கள். சாக்கோ என்ற வறண்ட நிலப்பரப்பில் நியூலாண்ட். ஆற்றுக்குக் கிழக்கே, காட்டை வெட்டித் திருத்திய இடத்தில் இன்னொன்று. அதற்குக் கப்பலின் பெயரையே வைத்தார்கள்: வோலன்டாம். நியூலாண்டில் ஓர் ஊரைப் 'பெண்கள் ஊர்' என்றே மற்றவர்கள் அழைத்தார்கள். கிணறு வெட்டுவதும் மண்சுவர் எழுப்புவதும் அங்கே பெண்களின் வேலை.

1948-இல் அகதிகளை ஏற்றிவந்த சார்ல்டன் மோனார்க் என்ற கப்பலுக்கு எல்ஃப்ரீடா தனியாகப் பொறுப்பேற்றார். பிரேசில் கரையருகே அதன் எந்திரம் பழுதாகி நின்றபோதும் நிலைமையைச் சமாளித்தவர் அவர்தான். அதே ஆண்டு வோலன்டாம் இன்னொரு முறை அகதிகளோடு தென் அமெரிக்கா போனது. பிறகு ஆஸ்திரேலியாவுக்குக் குடியேறிகளை ஏற்றிச் சென்றது. 1952-இல் நெதர்லாந்தில் அதைப் பழைய இரும்புக்காக உடைத்தார்கள்.

1950-களில் பராகுவேயிலிருந்து பல பெண்கள் பிள்ளைகளோடு கனடாவுக்குப் போனார்கள். அதே ஆண்டுகளில்தான் சோவியத் நாட்டிலிருந்து கடிதங்கள் வரத் தொடங்கின. இறந்துவிட்டதாக நம்பப்பட்ட கணவர்களில் சிலர் உயிரோடு இருந்தார்கள். அங்கே வேறு குடும்பம் அமைத்துக்கொண்டவர்களும் அவர்களில் உண்டு.