மண் திருந்தினால் உணவும் திருந்துமா?

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத் தலைநகரான பிஸ்மார்க்கை அடுத்து, கேப் பிரவுன் என்ற விவசாயியின் பண்ணை அமைந்திருக்கிறது. 1991-ஆம் ஆண்டில் மனைவியின் பெற்றோரிடமிருந்து அவர் அதனை விலைக்கு வாங்கினார். 1995 முதல் நான்கு ஆண்டுகள் தொடர்ச்சியாக, ஆலங்கட்டி மழையும் வறட்சியும் அவரது விளைச்சலை அழித்தன. உரம் வாங்கக் கையில் பணமில்லை. அழிந்த பயிர் நிலத்தின் மேலேயே கிடந்து மட்கியது. அதற்குப் பின்னர் மண் முன்னைவிடப் பொலபொலப்பாக இருப்பதை அவர் கவனித்தார்.

'மீளுருவாக்க வேளாண்மை' பற்றிப் பேசுவோர் இன்று பெரும்பாலும் முதலில் சுட்டிக்காட்டும் பண்ணை இதுதான். அச்சொல்லைப் பரவலாக்கியவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ராபர்ட் ரோடேல், காலம் 1980-கள். நிலத்தை உழாமல் விடுவது, வெறுமையாக வெயிலில் காயவிடாமல் மூடுபயிர்களால் போர்த்தி வைப்பது, ஒரே பயிரைத் திரும்பத் திரும்ப விதைக்காதிருப்பது, கால்நடைகளை வயலுக்கு மீண்டும் கொண்டுவருவது ஆகியவை இம்முறையின் அடிப்படைகள். நெல்லுக்கு முன்னர் சணப்பையோ கொழிஞ்சியோ விதைத்து மடக்கி உழும் வழக்கத்தை அறிந்த தமிழர்களுக்கு இதில் பாதி பழைய செய்தி. உழவே கூடாது என்பதுதான் புதியது.

அதற்குக் காரணம் உண்டு. பயிரின் வேர்களோடு ஒட்டி வாழும் ஒருவகைப் பூஞ்சைகள், வேர் எட்டாத இடங்களுக்கும் நுண்ணிய இழைகளை அனுப்பி, பாஸ்பரஸ், துத்தநாகம் போன்ற தாதுக்களைத் திரட்டித் தருகின்றன. கைம்மாறாகப் பயிரிடமிருந்து சர்க்கரையைப் பெறுகின்றன. கலப்பை இந்த இழைகளை அறுத்துவிடுகிறது. பாஸ்பேட் உரம் அளவுக்கு மிஞ்சினால் பயிருக்குப் பூஞ்சையின் துணை தேவைப்படுவதில்லை, உறவு தளர்ந்துவிடுகிறது.

சுற்றுச்சூழலைப் பொறுத்தவரை, மண்ணிலும் நீரிலும் கிடைக்கும் பயன் தெளிவானது. மட்கு நிறைந்த மண் உருண்டைகளாகத் திரண்டு இடைவெளி விடுகிறது. மழை ஓடிப்போகாமல் உள்ளே இறங்குகிறது, மண்ணரிப்பு குறைகிறது. தனது நிலம் முன்னர் மணிக்கு அரை அங்குல மழையைத்தான் உள்வாங்கியது என்றும், பின்னர் அது எட்டு அங்குலத்தைத் தாண்டியது என்றும் பிரவுன் கூறுகிறார். கரியமில வாயுவை மண் உறிஞ்சிப் புவி வெப்பமடைவதைத் தடுத்துவிடும் என்ற கூற்றை மட்டும் சற்று நிதானமாகவே ஏற்க வேண்டும். உழாத நிலத்தின் மேலடுக்கில் கரிமம் கூடுவது உண்மை. ஆழமாகத் தோண்டி அளந்தால் அந்த ஆதாயம் பல இடங்களில் சுருங்கிவிடுகிறது.

சரி, தட்டுக்கு வரும் உணவு? வாஷிங்டன் பல்கலைக்கழகப் புவியியலாளர் டேவிட் மாண்ட்கோமரியும் சகாக்களும் 2022-இல் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டார்கள். அருகருகே உள்ள இருவகைப் பண்ணைகளில் பட்டாணி, சோளம், மக்காச்சோளம், சோயா ஆகியவற்றுள் ஒன்றை ஒரே ரகமாக விதைத்துப் பார்த்தார்கள். மீளுருவாக்கப் பண்ணைகளின் விளைபொருளில் கே உயிர்ச்சத்து சராசரியாக 34 சதவீதமும், ஈ உயிர்ச்சத்து 15 சதவீதமும், சுண்ணாம்புச் சத்து 11 சதவீதமும் கூடுதலாக இருந்தன. ஆனால் ஒப்பிடப்பட்டவை பத்து இணைப் பண்ணைகள் மட்டுமே. முதற்கட்ட ஒப்பீடு என்றே ஆய்வாளர்களும் தலைப்பிட்டார்கள். இதை வைத்துக்கொண்டு பொட்டலத்தின் மேல் ஆரோக்கிய வாக்குறுதி அச்சிடுவது அவசரம்.

எதிர்த்திசையில் ஒரு சான்றையும் சொல்லியாக வேண்டும். டெக்ஸஸ் பல்கலைக்கழகத்தின் டொனால்ட் டேவிஸ் குழுவினர் 2004-இல், 43 தோட்டப் பயிர்களின் 1950 மற்றும் 1999-ஆம் ஆண்டு அரசுத் தரவுகளை ஒப்பிட்டு, இரும்புச் சத்து முதல் சி உயிர்ச்சத்து வரை ஆறு சத்துகள் சரிந்திருப்பதைக் காட்டினார்கள். மண் செத்துவிட்டதற்கு ஆதாரமாக இந்த ஆய்வு மேடைதோறும் எடுத்தாளப்படுகிறது. ஆய்வாளர்கள் சந்தேகித்ததோ, அதிக விளைச்சலுக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரகங்களைத்தான். ரகம் மாறாதவரை மண்ணை மட்டும் திருத்தி இழந்தவை அனைத்தையும் மீட்டுவிட முடியும் என்று கூற இயலாது.

இதனிடையே பெருநிறுவனங்கள் களத்தில் இறங்கியிருக்கின்றன. 2030-ஆம் ஆண்டுக்குள் பத்து லட்சம் ஏக்கரில் இம்முறையைப் பரப்புவதாக ஜெனரல் மில்ஸ் நிறுவனம் 2019-இல் அறிவித்தது. 'ஆர்கானிக்' என்ற முத்திரைக்கு அமெரிக்காவில் 2002 முதல் நாடளாவிய சட்டத் தரம் நடைமுறையில் உள்ளது. 'மீளுருவாக்கம்' என்ற சொல்லுக்கு அத்தகைய தரம் கிடையாது. உழவைக் கைவிட்டுக் களைக்கொல்லியைத் தாராளமாகத் தெளிக்கும் விவசாயியும் இப்பெயரைச் சூட்டிக்கொள்ளலாம்.

பிரவுன் உழவை நிறுத்தியது 1993-இல். உரமிட்டதும் இடாததுமாகப் பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்த பின்னர், 2008 முதல் இரசாயன உரத்தை முற்றாகக் கைவிட்டதாகக் கூறுகிறார். இடைப்பட்டது பதினைந்து ஆண்டுகள். இலங்கையில் கோட்டாபய ராஜபக்ஷவின் அரசு, 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே அறிவிப்பில் தடை செய்தது. மண்ணைத் தயார்ப்படுத்தவோ மாற்றுப் பசளையைத் திரட்டவோ விவசாயிகளுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. அதற்குள் பெரும்போகச் சாகுபடி தொடங்கிவிட்டிருந்தது. அந்தப் போகத்தில் நெல் விளைச்சல் கடுமையாகச் சரிந்து, அரிசியில் ஏறத்தாழத் தன்னிறைவு கண்டிருந்த நாடு வெளியிலிருந்து அரிசி வாங்க நேர்ந்தது.